மொட்டைமாடி ஓட்டலில் மாப்பிள்ளை பார்க்கிறவர்

கைப்பிடிச் சுவரை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பார்க்கிறார் தமயந்தியம்மா. அசையவில்லை என்று தெரிந்ததும் எட்டிக் கீழே ஒரு பார்வை. வெகு ஆழத்தில் அண்ணா நகர்ச் சாலையில் கார்கள் ஊர்கின்றன. பிறகு முந்தானையின் நுனியைப் பிடித்துக் காற்றில் விடுகிறார். அது படபடவென்று அடித்து முகத்தில் வந்து விழுந்தால் அந்த ஓட்டல் தேறாது. மெல்ல ஆடினால் தேறும். கறுப்புச் சட்டை போட்ட சிப்பந்தி ஒருவர் மெனு அட்டையோடு வந்து, "மேடம், எத்தனை பேருக்கு டேபிள்?" என்று கேட்கிறார். "இருப்பா, எனக்கு இன்னும் எடமே புடிக்கல" என்கிறார் தமயந்தியம்மா.

முதல் தடவை இதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் மலைக்கோயில் விபூதி, கையில் ஒயர்க்கூடை. இந்தக் கோலத்தில் சென்னையின் மொட்டைமாடி ஓட்டல்களையும் மதுக்கூடங்களையும் ஒன்றுவிடாமல் ஏறி இறங்குகிற பெண்மணி, திருத்தணியில் எனக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார். அவர் கல்யாணத் தரகர் என்பது ஊருக்கே தெரியும். பள்ளிப்பட்டிலிருந்து அரக்கோணம் வரை அவர் சேர்த்துவைத்த ஜோடிகள் ஏராளம். ஆனால் வாரத்தில் ஒரு சாயங்காலம் லோக்கல் ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, லிஃப்ட்டில் வானத்துக்குப் போகிற விவரம் அவருடைய கணவர் சிவப்பிரகாசத்தையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் ஸ்டேஷன் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விடுவதோடு சரி. "எங்க பாவாவுக்கு லிஃப்ட்டுன்னாலே வயித்தக் கலக்கும். நாந்தான் தனியா ஏறிக்கினு எறங்கிக்கினு இருக்கறேன்" என்பார் தமயந்தியம்மா. கணவரை அவர் பாவா என்றுதான் சொல்வார்.

ஓட்டல்களின் பெயர் அவருக்குத் தேவைப்படுவதில்லை. குறையை வைத்து அவரே பெயர் சூட்டிவிடுவார். ஒன்று காத்து ஓட்டல். அங்கே ஒரு பெண்ணுக்குக் குங்குமம் வைக்கத் தட்டை நீட்டினார்களாம். வீசிய காற்றில் குங்குமம் முழுதும் பறந்துபோய்ப் பக்கத்து மேசைக்காரரின் சூப்பில் விழுந்ததாம். மாப்பிள்ளையின் அத்தை அபசகுனம் என்று எழுந்தே போய்விட்டார். இன்னொன்று கண்ணாடி ஓட்டல். தரையில் கண்ணாடி பதித்திருப்பார்கள். பெண்ணின் சித்தப்பாவுக்குத் தலை சுற்றி, பேச்சுவார்த்தை முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது இருட்டு ஓட்டல். "மூஞ்சியே தெரியல பாப்பா. பொண்ணு பாக்கறதா, பொண்ணத் தேடறதா?" நாற்பது தாண்டிய என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தயிர்சாதப் பரீட்சை ஒன்று உண்டு. உட்கார்ந்ததும் தயிர்சாதம் இருக்கிறதா என்று கேட்பார். சிப்பந்தி முகத்தைச் சுளித்தால் அந்த இடத்துக்கு எங்கள் ஊர்ச் சனத்தைக் கூட்டிவர முடியாது என்று அர்த்தம். "மாலை போட்டவங்க இருப்பாங்க, கிருத்திகை விரதம் இருக்கறவங்க இருப்பாங்க. அவங்கள மட்டமா நெனைக்கற எடத்துல நல்ல காரியம் எப்படிப் பேசுவ?" என்பார். இவ்வளவு பேசிவிட்டுத் தனக்கென்று வரவழைப்பது மட்டும் காலிஃபிளவர் மஞ்சூரியன். அதைச் சாப்பிடும்போது யார் பேசினாலும் அவருக்குக் காது கேட்காது.

எதற்கு இந்த மாடிப் பைத்தியம் என்று கேட்டேன். முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிற இடம் மலைக்கோயில்தான். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்தவர்கள்போல் மண்டபத்தில் எதிரெதிரே வந்து நிற்பார்கள். "மலமேல பாத்தா எல்லாரும் நல்லவந்தான்" என்றார் தமயந்தியம்மா. "குளிச்சிட்டு, பட்டை போட்டுக்கினு, கண்ண மூடிக்கினு நிக்கறான். சாயங்காலம் அவன் எங்க போறான்னு முருகனுக்குத் தெரியும். எனக்கும் தெரியணும் இல்ல?"

அவருக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் என்று ஆனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தங்கவேல் என்பவரின் மகளுக்கு அவர் முடித்துவைத்த மாப்பிள்ளை நல்ல வேலை, நல்ல குடும்பம், மலையில் பார்த்தபோது நல்ல பக்தியும்கூட. ஆறாவது மாதம் அந்தப் பெண் வீங்கிய முகத்தோடு தமயந்தியம்மாவின் வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை, அழவுமில்லை. "அத்த, குடிப்பாருன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். "அன்னிலேர்ந்து ஏறிக்கினு இருக்கறேன் பாப்பா" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் மஞ்சூரியனைத் தொடவில்லை.

அவருடைய முறை இதுதான். பிள்ளைகள் எல்லாரும் சென்னையில் வேலை பார்க்கிறவர்கள். பெண் வீட்டார் பார்ப்பதற்கு முன்னால், மாப்பிள்ளைப் பையனை மட்டும் ஒரு மொட்டைமாடி ஓட்டலுக்கு வரச் சொல்வார். சாப்பாடும் மதுவும் ஒரே தளத்தில் பரிமாறுகிற இடமாக அது இருக்கவேண்டும். லிஃப்ட் கதவு, மதுக்கூடத்தின் நீண்ட மேடை, கழிப்பறை வாசல் மூன்றும் ஒருசேரக் கண்ணில் படுகிற மேசையில் முதலிலேயே போய் உட்கார்ந்துகொள்வார். பையன் வருவான், எலுமிச்சை ஜூஸ் குடிப்பான், சம்பளம் சொல்வான், போவான். தான் பரீட்சை எழுதிவிட்டுப் போவது அவனுக்குத் தெரியாது.

"வாயால கேட்டா எவன் ஒத்துப்பான்? அதனால நான் கேக்கவே மாட்டேன். பழகுன எடத்துல காலு தானாப் போவும். அத்தப் பாத்துக்கினே இருப்பேன்." லிஃப்ட்டுக்காரர் கும்பிடு போடுகிறாரா, சிப்பந்தி பார்த்ததும் சிரிக்கிறாரா, மெனுவைப் பிரிக்காமலே சாப்பாடு சொல்கிறானா, கழிப்பறைக்கு வழி கேட்காமலே போகிறானா. இதில் இரண்டு பொருந்தினால் போதும், அந்தச் சம்பந்தம் அன்றோடு முடிந்தது. துப்பறியும் இலாகா இவரை எப்படி விட்டுவைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பையனுக்கு அவர் பரீட்சை வைப்பதையும் நேரில் பார்க்கவேண்டும் என்று ஒருநாள் நானும் கூடவே போனேன். அன்றைக்குப் பரீட்சைக்கு வந்தவர் வளவன். ஆர்.கே.பேட்டை, தறிக்காரக் குடும்பம், சென்னையில் கம்பெனி வேலை. பெண், பள்ளிப்பட்டு ஜெயம்மாளின் மகள் மோனிஷா. ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஜெயம்மாளின் கணவர் குடித்தே செத்தவர். அந்த அம்மாள் வரன் தேடச் சொன்னபோது போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "கூலிக்காரனா இருந்தாலும் பரவால்லக்கா. குடிக்காதவனா இருக்கணும்."

இடம், அண்ணா நகரில் தமயந்தியம்மாவுக்கு மிகப் பிடித்த மாடி. கைப்பிடிச் சுவர் கெட்டி, காற்று அளவு, தயிர்சாதத்துக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் இன்னும் மேசைக்குப் போகாமல் லிஃப்ட் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தோம். கதவு திறந்தது. வளவன் வெளியே வந்தார். லிஃப்ட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பிப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார். தமயந்தியம்மா என் விலாவில் இடித்தார். மேசையில் உட்கார்ந்ததும் சிப்பந்திகள் ஒவ்வொருவராக வந்து வளவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மெனுவைத் தொடாமலே, "அம்மா, இங்க பன்னீர் நல்லாருக்கும்" என்றார் வளவன். நடுவில் எழுந்து யாரையும் கேட்காமல் கழிப்பறைப் பக்கம் போனார். எல்லாமே பொருந்திவிட்டது. "பாத்தியா? இவன் பொறந்ததே இங்கதான் போலக்குது" என்றார் தமயந்தியம்மா. நானும் தலையாட்டினேன். மறுநாளே, பையன் குடிக்கிறவன் என்று பள்ளிப்பட்டுக்குச் செய்தி போய்விட்டது.

அடுத்த வரன் குமரேசன். மணவூர்க்காரர், அண்ணா நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை. அவரைக் கிண்டியில் ஒரு மாடியில் வைத்துப் பார்த்தார் தமயந்தியம்மா. ஒருவரும் கும்பிடவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. மோர் இருக்கிறதா என்று கேட்டாராம். கழிப்பறையைத் தேடிச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாராம். "தங்கம்னா தங்கம்!" என்று ஊர் திரும்பியதும் எனக்கு ஃபோன் செய்தார். பூ வைப்பதற்கு நாள் குறித்தார்கள். இடம், அதே அண்ணா நகர் மாடி. வேறு எங்காவது வைத்துக்கொள்ளலாமே என்று குமரேசன் இரண்டு தடவை சொல்லிப்பார்த்தார். "செலவுக்குப் பயப்படறான். சிக்கனக்காரன். குடும்பத்துக்கு ஆவும்" என்று அதையும் பையனின் நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டார் தமயந்தியம்மா.

அந்தச் சாயங்காலம் நானும் போயிருந்தேன். ஒரு பக்கம் ஜெயம்மாளும் மோனிஷாவும். எதிரே குமரேசனும் அவருடைய அம்மா கௌரியம்மாளும். நடுவில் தாம்பூலத் தட்டு, அதில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ. கௌரியம்மாள் அதை எடுத்து மோனிஷாவின் தலையில் வைத்துவிட்டால் முடிந்தது. ஜெயம்மாள் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மெனு அட்டைகளோடு வந்து நின்ற சிப்பந்தியை அண்ணாந்து பார்த்தேன். கறுப்புச் சட்டை, மார்பில் பெயர்ப் பட்டை. வளவன்.

"வணக்கம்மா" என்றார் தமயந்தியம்மாவைப் பார்த்து. குரலில் கோபமில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் ஓர் அட்டையை வைத்தார். குமரேசன் முன்னாலும் வைத்தார். "பாத்து சொல்லுங்க, வரேன்" என்று நகர்ந்தார். மோனிஷா என் காதருகே வந்து, "அக்கா, இவரு மொதல்ல காட்டுன ஃபோட்டோல இருந்தவருதானே?" என்றாள். நான் தலையாட்டினேன். தமயந்தியம்மாவின் முகத்தில் பூசிய மஞ்சளைத் தவிர வேறு நிறமே இல்லை. சட்டென்று எழுந்து வளவன் பின்னால் போனார். நானும் போனேன்.

கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் அவரை மடக்கினார். "நீ இங்க இன்னாப்பா பண்ற?"

"வேல செய்றேம்மா. மூணு வருஷமா இங்கதான்."

"கம்பெனின்னு இல்ல சொன்ன?"

"நான் ஓட்டல்னுதாம்மா சொன்னேன். ஓட்டல்னா பொண்ணு வீட்ல மொகம் சுளிப்பாங்க, கம்பெனின்னே இருக்கட்டும், வேலயப் பத்தி நீ வாயத் தெறக்காதன்னு நீங்கதான் ஃபோன்ல சொன்னீங்க."

தமயந்தியம்மா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் சொல்கிற வழக்கமான மெருகு அது. தரகுத் தொழிலில் சமையல்காரர் ஓட்டல் நிர்வாகி ஆவார், டிரைவர் போக்குவரத்துத் துறை ஆவார். யாருக்கு எந்த மெருகு போட்டோம் என்பது அவருக்கே நினைவில் நிற்பதில்லை.

"நீங்க இந்த ஓட்டலுக்கு வரச் சொன்னதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம்மா" என்றார் வளவன். "நான் வேல செய்ற எடத்தப் பாக்கத்தான் வரீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு லீவு போட்டுட்டு, கூட வேல செய்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். அதான் வந்து வந்து சிரிச்சாங்க. லிஃப்ட்டுக்காரரு உங்களத்தாம்மா கும்புட்டாரு."

அந்தக் கும்பிடு என் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. வளவன் லிஃப்ட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார். லிஃப்ட்டுக்காரர் எங்களைப் பார்த்துத்தான் நின்றிருந்தார். நாங்கள் இருவருமே அதை நேருக்கு நேர் பார்த்தோம். இருவருமே தப்பாகப் பார்த்தோம்.

"ஊர்ல குடிகாரன்னு பேராயிப்போச்சும்மா. எங்க அம்மா ரேஷன் கடைக்குப் போனாக்கூட கேக்கறாங்க. நான் ஊத்திக் குடுக்கறவன். ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்ல. அன்னிக்கே என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா." இதைச் சொல்லிவிட்டு, யாரோ மணியடித்துக் கூப்பிட, அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தமயந்தியம்மா மேசைக்குத் திரும்பினார். நாங்கள் போய்ச் சேர்வதற்கும், மதுக்கூடத்திலிருந்து ஒரு சிப்பந்தி உற்சாகமாக வந்து குமரேசன் பக்கத்தில் குனிவதற்கும் சரியாக இருந்தது. "சார், இன்னிக்கி இந்தப் பக்கம் உக்காந்துட்டீங்க? உங்க எடம் அந்த ஓரமாச்சே. எப்பவும்போல ஐஸ் நெறையப் போட்டு எடுத்துட்டு வரவா?"

குமரேசன் அவரைக் கண்ணால் விரட்டினார். ஜெயம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ ஜூஸ் என்று நினைத்திருப்பார். கௌரியம்மாளின் கை பூவை எடுக்கத் தட்டுக்குப் போயிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் தமயந்தியம்மா மூச்சுவிடாமல் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். மறுநாள் செய்தி போயிருக்கும். ஆனால் இப்போது அவர் நின்றுகொண்டே இருந்தார். சிப்பந்தியின் சிரிப்பை நம்பி ஒருவனைக் கெடுத்தாயிற்று. அதே சிரிப்பை இன்னொரு தடவை எப்படி நம்புவது என்ற தவிப்பு அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"கௌரியம்மா, கொஞ்சம் இருங்க" என்றார். பிறகு, இத்தனை வருஷத் தொழிலில் ஒருவரிடமும் கேட்டிராததைக் கேட்டார். "தம்பி, குடிப்பியா?"

மாடி முழுக்க மெல்லிய பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குமரேசன் தன் அம்மாவைப் பார்த்தார், மோனிஷாவைப் பார்த்தார். "குடிப்பேம்மா" என்றார். "ஆபீஸ் முடிஞ்சா இங்கதான் வருவேன். அதான் வேற எடம் பாக்கலாம்னு சொன்னேன்." நியாயமாகச் சொல்லவேண்டும்: அவர் கொஞ்சமும் மழுப்பவில்லை. நேராகக் கேட்டதும் நேராகப் பதில் வந்துவிட்டது. அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

"ஆம்பளப் புள்ள, ஒழச்சிட்டு வரான். சாயங்காலம் ஒரு வாய் குடிச்சா இன்னா ஆயிடப்போவுது?" என்றார் கௌரியம்மாள். "கல்யாணம் ஆனா தானா வுட்டுடுவான்."

ஜெயம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்னக் கட்டிக்குடுக்கும்போது எங்க மாமியாரும் இதே வார்த்தயத்தான் சொன்னாங்க" என்றார். சத்தம் போடவில்லை. மோனிஷா, "எங்க நைனா செத்தப்போ எனக்கு ஒம்பது வயசு ஆன்ட்டி" என்று கௌரியம்மாளிடம் சொன்னாள். கௌரியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். குமரேசன் எங்களுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனார்.

தமயந்தியம்மா உட்காரவில்லை. "ஜெயம்மா, அந்த ஆர்.கே.பேட்டப் பையன் குடிக்கறவன்னு சொன்னேன் பாரு, அது தப்பு. அவன் குடிக்கறவன் இல்ல, இங்க வேல செய்றவன். நான் கேக்காமயே சொல்லிட்டேன்" என்றார். ஜெயம்மாள் அவரையே பார்த்தார். மோனிஷாவின் கண் மட்டும் வளவன் போயிருந்த மாடியின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது.

அந்த நேரத்தில் வளவன் கண்ணாடி ஜாடியோடு வந்தார். எதிர்ப்பக்கத்து இரண்டு நாற்காலிகளும் காலியாக இருப்பதைப் பார்த்தார். வழக்கம்போல் குனிந்து ஜெயம்மாளின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார், பிறகு மோனிஷாவின் டம்ளரில். தமயந்தியம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனார். ஜாடியை அவர் கையிலிருந்து வாங்கினார். காலியான நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பதுபோல், இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.